பாக்க வடிவான பயணிகள் விமானம் எது? வாக்கையும் காரணத்தையும் எழுதுங்க

வாவிக்காற்று (புதூர், மட்டக்களப்பு)

சொகுசு, டிக்கட் விலை, சாப்பாடு ஒண்டும் இஞ்ச வேணாம். கண்ணுக்கு எது வடிவு எண்டதுதான் கேள்வி. பயணிகள் விமானம் மட்டும். கிபிர் எண்ட போர் விமானத்தப் பத்தி ஆராவது எழுதினா அழிச்சிப்போடுவன், அந்தச் சத்தம் கேட்ட ஆக்கள்தான் இஞ்ச கனபேர்.

"எனக்குப் புடிக்கும்" எண்டு ஒரு வரி போட்டுட்டு ஓடக்கூடா. எந்த இடம் வடிவு, மூக்கா, செட்டையா, வாலா? அது ஏன் அப்பிடி அமைஞ்ச? தெரிஞ்ச மட்டும் எழுதுங்க.

என்ட வாக்கு போயிங் 787க்கு. நிக்கக்குள்ள சும்மா ஒரு பிளேன்தான். ஏறக்குள்ள பாருங்க, செட்டை ரெண்டும் நுனியோட மேல வளைஞ்சு எழும்பும். உடம்பும் செட்டையும் கூடுதலா காபன் இழை. அதாலதான் இவ்வளவு மெல்லிசா, நீளமா, வளைஞ்சு குடுக்கக்கூடியதா செய்ய ஏலுமாயிருந்திரிக்கி. நுனியில தனியா ஒண்ட நட்டு வெக்காம, செட்டையே பின்னால சரிஞ்சு கூராகி முடியும். விமானி ஜன்னலுக்கு மேல வழக்கமா இரிக்கிற படியும் கிடையாது, மூக்கில இருந்து கூரை மட்டும் ஒரே கோடு.

கல்லடிப்பாலம்

கொன்கோர்ட். அடுத்த இழைக்குப் போவம்.

மருதமுனைச் சாரன்

காரணம் எழுதச் செல்லியிரிக்கி மச்சான். கொன்கோர்ட்டுக்கு மட்டும் வேற சட்டமா?

கல்லடிப்பாலம்

சரி, எழுதுறன். பிறகு நீளம் எண்டு ஆரும் குறை சொல்லப்படா.

கொன்கோர்ட்ட வடிவாச் செய்வம் எண்டு ஆரும் வரையத் தொடங்கல்ல. சத்தத்தப்போல ரெண்டு மடங்கு வேகத்தில ஆக்களக் கொண்டுபோகோணும், அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும். அந்த வேகத்துக்குச் செட்டை மெல்லிசா, நல்லாப் பின்னால சரிஞ்சு இரிக்கோணும். அதே செட்டையால மெதுவா வந்து சாதாரண ஓடுபாதையில இறங்கவும் ஏலோணும். ரெண்டும் ஒண்டுக்கொண்டு ஒத்துவராத காரியம். அதுக்குக் கண்ட வழிதான் அந்த வளைவு. முன்னால ஒடுங்கித் தொடங்கி, நெளிஞ்சு அகண்டு, நுனியில மறுகா உள்ளுக்கு மடங்கும். மூக்கத் தூக்கிக்கொண்டு மெதுவா வரக்குள்ள முன் விளிம்பில காத்து சுழிச்சுக்கொண்டு செட்டைக்கு மேலால ஓடும், அந்தச் சுழிதான் பிளேனத் தாங்கிப் புடிக்கும்.

இப்ப அடுத்த பிரச்சினை. மூக்க அவ்வளவு தூக்கினா விமானிக்கு ஓடுபாதை தெரியாது. அதால மூக்கையே கீழ மடக்கினாங்க, இறங்கக்குள்ள 12.5 பாகை. பாக்கிற நமக்கு அது தலை குனிஞ்சு பாக்கிற மாதிரித் தெரியிற, ஆனா அது வெறும் தேவை.

வெள்ளை நிறமும் அப்பிடித்தான். அந்த வேகத்தில உடம்பு சூடாகி நீளும், வெள்ளை அடிச்சா கொஞ்சம் சூடு குறையும். 1996ல பெப்சி விளம்பரத்துக்கு ஒண்டுக்கு நீலம் அடிச்சாங்க. முழு வேகத்தில தொடர்ந்து 20 நிமிசத்துக்கு மேல போகக்கூடா எண்டு அதுக்குக் கட்டுப்பாடு போட வேண்டியதாப் போச்சு. நிறத்தக்கூட சும்மா மாத்த ஏலாத பிளேன் வேற எது? செஞ்சது மொத்தம் 20தான். 1976ல இருந்து 2003 மட்டும் பயணிகளோட ஓடின.

தோஹா ராம்ப் (சொந்த இடம் கல்முனை)

நீங்க எல்லாரும் படத்தில பாக்கிற. நான் வயித்துக்குக் கீழ நிண்டு பாக்கிறவன். பொதி ஏத்தி இறக்கிற வேலை. கீழ இருந்து பாத்தா கணக்கு வேற மச்சான்.

எனக்கு எயார்பஸ் ஏ350. இத முதன்முதலாப் பயணிகளோட ஓட்டினதே கட்டார் எயார்வேஸ்தான், 2015 ஜனவரி. அதால இஞ்ச கண்ணுக்கு முன்னால வளந்த பிள்ளை எண்டு செல்லலாம். விமானி ஜன்னலச் சுத்தி ஒரு கறுப்புப் பட்டி, அத வெச்சு எவ்வளவு தூரத்தில வந்தாலும் ஆளப் புடிச்சிருவன். அதவிட செட்டை நுனி. செட்டை எங்க முடியுது, மேல வளையிற துண்டு எங்க தொடங்குது எண்டு விரல் வெச்சுக் காட்ட ஏலா. 787ல நுனி கூராப் போயிரும், அதுவும் வடிவுதான், ஆனா ஏ350ல அது கிறுகுற விதம் இரிக்கே, அது எனக்குப் போதும்.

கிட்ட நிண்டாத்தான் தெரியிற ஒரு விசயம் செல்றன். கோடையில, நீண்ட தூரம் பறந்து வந்த பிளேன் விடியப்புறத்தில வந்து நிண்டா, செட்டைக்குக் கீழ போறவன்ட தலையில தண்ணி சொட்டும். மழை இல்ல. மேல உறைகுளிரில கிடந்த எண்ணெய் செட்டைக்குள்ள இன்னும் குளிராக் கிடக்கு. தோஹாட ஈரக்காத்து பட்டதும் அடிப்பக்கம் வேர்த்துப்போகும். எண்ணெய் கிடக்கிற இடம் மட்டும் நனையும், மத்த இடம் காஞ்சு கிடக்கும். உள்ளுக்கு எது மட்டும் எண்ணெய் இரிக்கி எண்டு அந்த ஈரம் கோடு கிழிச்சுக் காட்டும். எந்தப் படத்திலயும் இத நான் காணல்ல.

787 இஞ்சின் உறையின்ட பின் விளிம்பு வாள்பல்லு மாதிரி வெட்டி வெச்சிரிக்கிறதையும் ஆரும் எழுதல்லயே? இஞ்சினால வேகமா வாற காத்தும் வெளிக் காத்தும் திடுதிப்பெண்டு மோதாமக் கலக்கத்தான் அந்த வெட்டு, சத்தம் குறையும். எனக்கெண்டா அது தச்சு முடிக்காத உடுப்பு விளிம்பு. புடிக்காது.

ஓய்வு மாஸ்டர் (ஆரையம்பதி)

பிள்ளைகள் எல்லோரும் நேற்றையதிலிருந்து தொடங்குகிறீர்கள். கொஞ்சம் பின்னால் போகிறேன்.

லொக்ஹீட் கொன்ஸ்டலேஷன். 1943ஆம் ஆண்டு முதலில் பறந்தது. நான்கு புரொப்பெல்லர், மூன்று வால். ஒரே உயரமான வாலாக வைத்தால் அன்றைய விமானக் கொட்டகைகளுக்குள் நுழையாது என்பதால் உயரத்தைக் குறைத்து மூன்றாகப் பிரித்தார்கள். உடம்போ நேர்க் குழாய் அல்ல. மூக்கு சற்றுத் தாழ்ந்து, முதுகு உயர்ந்து, வால் பக்கம் மீண்டும் மேலெழும். உள்ளே இருக்கும் வளையங்களில் ஒன்றைப் போல் இன்னொன்று இராது என்பார்கள். செய்வதற்குச் செலவு கூடிய வேலை. பார்ப்பதற்கு அதற்குப் பிறகு அப்படியொரு உடம்பு வரவில்லை. எங்கள் எயார் சிலோன்கூட ஐம்பதுகளில் கே.எல்.எம். நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து கொன்ஸ்டலேஷன் ஓட்டியது.

அடுத்தது கொமெட். 1952 மே 2இல் உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை, லண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க்குக்கு. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் கொழும்புக்கும் வந்துவிட்டது. இஞ்சின்கள் வெளியே தொங்கவில்லை. செட்டை உடம்போடு சேரும் அடிப்பகுதிக்குள்ளேயே புதைந்திருக்கும். அதைவிடச் சுத்தமான செட்டையை நான் படத்திலும் பார்த்ததில்லை. ஆனால் 1954இல் இரண்டு கொமெட் வானத்திலேயே சிதைந்தன. காற்றழுத்தம் ஏறி இறங்க, மூலை கூடிய ஜன்னல்களையும் திறப்புகளையும் சுற்றி உலோகம் களைத்துப் போயிருந்தது. இன்று நீங்கள் ஏறும் விமானங்களில் ஜன்னல் மூலை வட்டமாக இருப்பதற்கு அந்தப் பாடமும் ஒரு காரணம்.

டகோட்டா என்ற இரட்டைப் புரொப்பெல்லர் விமானத்தை மட்டும் இந்த மண்ணிலேயே பார்த்தேன். எயார் சிலோன் இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கும், அம்பாறைப் பக்கம் கல்லோயாவுக்கும் ஓட்டிய காலம். அது தரையில் நிற்கும்போது மூக்கு மேலே, வால் கீழே. கதவு பின்பக்கம். ஏறுகிறவர் தன் இருக்கைக்கு மலை ஏறுவதுபோல் நடக்க வேண்டும்.

அக்கரைப்பற்று ஹொண்டா50

மாஸ்டர் டகோட்டால ஏறியிருக்கீங்களா?

ஓய்வு மாஸ்டர்

இல்லை தம்பி. பள்ளிக்கூடப் பெடியன், வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான். எங்கள் வீட்டில் கொழும்புக்கு என்றால் இரவு மெயில், அதுவும் யாருக்காவது நேர்முகப் பரீட்சை என்றால்.

ஏறாவூர் ராத்தா

எனக்கு ட்ரைஸ்டார். லொக்ஹீட் செஞ்ச எல்-1011.

எண்பதுகளில எங்கட பக்கத்தால சவூதி, குவைத் எண்டு வேலைக்குப் போன பொம்பிளையளில கனபேர் வாழ்க்கையில முதன்முதலா ஏறினது எயார் லங்காட ட்ரைஸ்டார்லதான். எங்கட உம்மாவும் அதிலதான் போன. உம்மா கொண்டு வந்த போட்டோ ஒண்டில ஆக்களுக்குப் பின்னால வால் மட்டும் தெரியும், அதில மயில். அத எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு இருந்திருக்கன்.

கல்லடிப்பாலம்

ராத்தா கோவிக்கப்படா. இது ஞாபகம். வடிவு வேற. எங்கட மாமா லெபனான் போகக்குள்ள எதில போனாரோ அது எனக்கு வடிவாகிருமா?

ஏறாவூர் ராத்தா

உம்மா போன கதைய எழுதினா நான் பிளேனப் பாக்கல்ல எண்டு நினைச்சிட்டீங்க போல. அந்த வாலப் பத்தித்தான் இனி எழுதப் போறன், இருந்து வாசிங்க தம்பி.

மூண்டு இஞ்சின் வெக்கிற பிளேன்ல ரெண்டு செட்டைக்குக் கீழ போயிரும். மூண்டாவத எங்க வெக்கிற? அதே காலத்தில வந்த டீசி-10ல வாலுக்கு நடுவால நேரா ஒரு குழாய் போட்டு அதுக்குள்ள இஞ்சின வெச்சாங்க. சுகமான வேலை. பாத்தாலே தெரியும், உடம்ப முடிச்சிட்டுப் பிறகு யோசிச்சு ஏத்தின ஒண்டு எண்டு. லொக்ஹீட்காரன் காத்து உள்ளெடுக்கிற வாய மட்டும் முதுகில வெச்சு, அங்க இருந்து நெளிவாக் கீழ இறக்கி, இஞ்சின உடம்பின்ட பின் நுனியில புதைச்சிட்டான். வெளியால பாத்தா கூரையில ஓடி வாற கோடு அந்த வாயில ஏறி, அப்பிடியே வால் நுனி மட்டும் போகும். எந்த இடத்திலயும் வெட்டு விழாது.

இத செய்ய ஏலுமா இருந்ததுக்கு ஒரு காரணம் ரோல்ஸ் ரொய்ஸ் ஆர்பி211 இஞ்சின், அது நீளம் குறைவு. அந்த இஞ்சின உருவாக்கப் போட்ட செலவில 1971 பெப்ரவரியில ரோல்ஸ் ரொய்ஸ் வங்குரோத்தாகி, பிரித்தானிய அரசாங்கம் எடுத்து நடத்த வேண்டியதாப் போச்சு. லொக்ஹீட்டும் 250 ட்ரைஸ்டாரோட பயணிகள் விமானம் செய்யிறதையே விட்டுட்டாங்க. ரெண்டு கொம்பனிக்கு இவ்வளவு நட்டத்தக் குடுத்த வால் அது. உம்மாட போட்டோ இல்லாட்டியும் என்ட வாக்கு இதுக்குத்தான்.

கல்லடிப்பாலம்

ஓம் ராத்தா. வாலுக்கு வாக்கு உங்களுக்கு. செட்டைக்கு எனக்கு.

வாவிக்காற்று

ட்ரைஸ்டார் ஒண்டு கனகாலமா வேற வேலை செஞ்சது தெரியுமா? அமெரிக்காவில "ஸ்டார்கேசர்" எண்டு பேர். வயித்துக்குக் கீழ பெகாசஸ் ரொக்கெட்டக் கட்டிக்கொண்டு மேல போய் விடும். செயற்கைக்கோள் ஏவுற. போட்டோவத் தேடிப் பாருங்க, பயணிகள் விமானம் இல்லாததால வாக்கு கிடையாது.

மருதமுனைச் சாரன்

இவ்வளவு நேரமும் ஒருத்தரும் 747 எண்டு செல்லல்ல. என்ன இழை இது?

ஜம்போட தலை மேட்டப் பத்தி எல்லாருக்கும் தெரியும், ஏன் வந்த எண்டு கனபேருக்குத் தெரியா. அறுபதுகளில எல்லாரும் நினைச்சது, இன்னும் கொஞ்ச வருசத்தில சத்தத்தவிட வேகமான பிளேன்தான் ஆக்கள ஏத்தும், 747 சாமான் ஏத்தப் போயிரும் எண்டு. சாமான் ஏத்துறதெண்டா மூக்க மேல திறக்கோணும். மூக்குத் திறக்கோணும் எண்டா விமானி அறை வழியில நிக்கப்படா. அதத் தூக்கி மேல வெச்சாங்க. மேல வெச்சா பின்னால காத்து ஒழுங்காப் போக ஒரு சரிவு வேணும். அந்தச் சரிவுக்குள்ள கிடைச்ச இடந்தான் மேல்தட்டு. முதல் வந்ததுகளில அதுக்கு ஏற சுருள் படிக்கட்டு.

கடைசியில கொன்கோர்ட் 14தான் கொம்பனிகளில ஓடின. 747 மொத்தம் 1,574 செஞ்சாங்க, கடைசி ஒண்ட 2023 ஜனவரி 31 குடுத்தாங்க. ரெண்டும் 1969லதான் முதல் பறந்த, பெப்ரவரியில ஜம்போ, மார்ச்சில கொன்கோர்ட்.

என்ட கண்ணுக்கு 747-400தான். முதல் வந்ததுகளில மேடு கட்டை. 400ல அது பின்னால நீண்டு, செட்டை நுனியில மேல நிமிந்து நிக்கிற விங்லெட்டும் வந்து, எல்லாம் அளவா இரிக்கி. கடைசி 747-8 நீளம் கூடிப்போச்சு, 76 மீற்றர். 747எஸ்பி கட்டைக் குட்டை, வால் மட்டும் பெரிசு, பாத்தாச் சிரிப்பு வரும், அதையும் விரும்புற ஆக்கள் இரிக்காங்க.

சம்மாந்துறை வயல்காரன்

அப்ப ஏ380? ரெண்டு மாடி முழுநீளம். பெரிசுக்கும் ஒரு வடிவு இரிக்கி.

தோஹா ராம்ப்

காக்கா, அது வந்து நிண்டா அந்த இடமே இருட்டாகும், மறுக்கல்ல. ஆனா வடிவு எண்டு மட்டும் செல்லாதீங்க. நெத்தியப் பாருங்க. விமானி அறை ரெண்டு தட்டுக்கும் நடுவால, அதுக்கு மேல மொட்டை நெத்தி.

உடம்பு கட்டையாத் தெரியிறதுக்கும் காரணம் இரிக்கி. பெரிய விமான நிலையங்களில ஒரு பிளேனுக்கு நீளம் 80 மீற்றர், அகலம் 80 மீற்றர் எண்டு ஒரு பெட்டிக் கணக்கு. செட்டை அகலம் 79.75 மீற்றர், விளிம்பத் தொட்டு நிக்கிது. நீளம் 73 மீற்றர்கூட இல்ல. இதவிட நீளமான ஒண்டு பின்னால வரும் எண்டு நினைச்சுச் செட்டையையும் வாலையும் அதுக்குப் போதுமான அளவில செஞ்சாங்க. அந்த நீளமானது வரவே இல்ல, கொம்பனிகளுக்கு 251 குடுத்து 2021ல நிப்பாட்டியாச்சு. நீங்க பாக்கிறது வராத தம்பிக்குத் தச்ச உடுப்ப அண்ணன் போட்டுக்கொண்டு நிக்கிறத்த.

சம்மாந்துறை வயல்காரன்

உடுப்பு பெரிசா இரிந்தாலும் அண்ணன் அண்ணன்தான். என்ட வாக்கு ஏ380.

கிரான்குளம் தங்கச்சி

போயிங் 757ஐ மறந்திட்டீங்க. ஒல்லி உடம்பு, பெரிய இஞ்சின். அந்த இஞ்சின் நிலத்தில முட்டாம இரிக்கக் கால உயத்தி வெச்சிருக்காங்க. நம்மட வாவியில தண்ணி வத்துற நேரம் நாரை நிக்குமே, அதே நில்லு. 2004ல செய்யிறத்த நிப்பாட்டிட்டாங்க.

அக்கரைப்பற்று ஹொண்டா50

தங்கச்சி 757க்கு நேர் எதிர் 737. அவலட்சணத்துக்கு ஒரு வாக்குப் பெட்டி இரிந்தா என்ட முதல் வாக்கு அதுக்கு. 1967ல முதல் பறந்த டிசைன். சின்ன விமான நிலையத்தில ஏணி, இயந்திரம் இல்லாமலே பொதி ஏத்தட்டும் எண்டு உடம்பத் தாழ வெச்சாங்க. மறுகா பெரிய இஞ்சின் வந்ததும் கீழ இடமில்ல. இஞ்சினுக்குப் பக்கத்துச் சாமான்களக் கீழ இருந்து ரெண்டு பக்கமும் தள்ளி, உறையின்ட அடியச் சப்பையாக்கிட்டாங்க. முன்னால நிண்டு பாருங்க, வட்டமே இல்ல.

ஒலுவில் பொறியியல்

இப்ப வாறது எல்லாம் ஏன் ஒரே மாதிரி இரிக்கி எண்டு ஆரும் கேக்கல்ல. மாஸ்டர் எழுதின கொன்ஸ்டலேஷன் உடம்பிலதான் விடை இரிக்கி.

நேர்க் குழாய் உடம்பெண்டா ஒரே வளையத்தத் திருப்பித் திருப்பிச் செய்யலாம். நாளைக்கு நீளமான ஒண்டு வேணுமெண்டா நடுவுல ரெண்டு துண்டச் சேத்தாப் போதும். கட்டையா வேணுமெண்டா எடுத்திரலாம். வளைஞ்ச உடம்பில இது இவ்வளவு சுகமில்ல, ஒவ்வொரு இடமும் வேற வேற அளவு. காத்தழுத்தத்தத் தாங்கவும் வட்டக் குழாய்தான் லேசு. கொன்ஸ்டலேஷன் மாதிரி உடம்பு மறுகா வராததுக்கு இதுவும் ஒரு காரணம்.

இஞ்சின் விசயமும் இதே. கொமெட் மாதிரி செட்டைக்குள்ள புதைச்சா வடிவு, ஆனா பெரிய விசிறி உள்ள இன்றைய இஞ்சின் அதுக்குள்ள அடங்காது, திருத்தவும் ஏலா. வீசி-10 மாதிரி பின்னால வெச்சா செட்டை சுத்தம். வெப்பமான, உயரமான ஆபிரிக்க விமான நிலையங்களில ஏறத்தான் அத அப்பிடிச் செஞ்ச, செட்டை முழுக்க தூக்குற வேலைக்கு மட்டும். ஆனா பின்னால நாலு இஞ்சினத் தாங்க உடம்பப் பலப்படுத்தோணும், பாரம் கூடும். செட்டைக்குக் கீழ தொங்க விட்டா, பறக்கக்குள்ள செட்டை மேல வளையிறத்த அந்தப் பாரமே கொஞ்சம் அமத்திப் புடிக்கும், செட்டைய லேசாச் செய்யலாம். திருத்துற ஆளும் நிலத்தில நிண்டே திறக்கலாம். குழாய், கீழ ரெண்டு இஞ்சின், ஒரு வால். எந்தக் கொம்பனி கணக்குப் போட்டாலும் இப்ப இந்த விடைதான் வருது.

அதால இப்ப வடிவு காட்ட மிச்சம் ரெண்டு இடம்தான், மூக்கும் செட்டை நுனியும். வாவிக்காற்று அண்ணனும் தோஹா காக்காவும் அதையே புடிச்சிக்கொண்டு நிக்கிறது சும்மா இல்ல.

ஓய்வு மாஸ்டர்

நல்ல விளக்கம் தம்பி. வீசி-10ஐ நான்தான் எழுத வேண்டியிருந்தது, முந்திவிட்டீர். உயர்ந்த வாலின் உச்சியில் கிடையாக ஒரு சிறு செட்டை, பின்பக்கம் இரண்டிரண்டாக நான்கு இஞ்சின், முன்னால் ஒன்றுமே இல்லாத வெறும் செட்டை. முதல் பறந்தது 1962. எயார் சிலோனும் பிரித்தானிய விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி. கூட்டில் அதைச் சில காலம் பயன்படுத்தியது. மொத்தம் 54 மட்டும் செய்தார்கள். கணக்குச் சொல்லும் விடை எல்லாம் சரி, ஆனால் கணக்கு இன்னும் முடியாத காலத்தில் பிறந்த விமானங்கள் இவை. அதுதான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகம்.

அக்கரைப்பற்று ஹொண்டா50

சோவியத்காரனும் இலியூஷின்-62 எண்டு அதே அமைப்பில ஒண்டு செஞ்சானே மாஸ்டர், அதுக்கும் வாக்குப் போடுவீங்களா?

ஓய்வு மாஸ்டர்

தூரத்திலிருந்து பார்த்தால் போடுவேன்.

மருதமுனைச் சாரன்

நம்மட மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு வந்து போன கரவனுக்கு ஒருத்தரும் வாக்கில்லயா? செஸ்னா 208. ஒத்த இஞ்சின், ஒத்தப் புரொப்பெல்லர், செட்டை தலைக்கு மேல, சில்லு மடங்காது.

வாவிக்காற்று

புதூரில இருக்கிறவன் நான், அது வாவிக்கு மேலால கிறுகி வாறத்தக் கனதரம் பாத்திருக்கன். வடிவு எண்டு சொல்ல மாட்டன். ஆனா செட்டை மேல இருக்கிறதால ஜன்னலால குனிஞ்சா கீழ முழுக்கத் தெரியும், வலையிறவுப் பாலம், தோணி, இறால் பண்ணை எல்லாம். உள்ள இருக்கிற ஆளுக்கு வடிவு, வெளியால நிக்கிற ஆளுக்கு இல்ல. கேள்வி வெளியால நிக்கிற ஆளப் பத்தினது.

ஜெர்மன் மட்டு (தாளங்குடா, இப்ப ஜெர்மனி)

பிந்தி வாறன். கொன்கோர்ட் சண்டைக்கு என்னட்ட ஒரு சாட்சி இருக்கு.

இஞ்ச சின்ஸ்ஹைம் எண்ட இடத்தில ஒரு தொழில்நுட்ப நூதனசாலை. கூரைக்கு மேல கொன்கோர்ட்டும், சோவியத்காரர்ட டுபோலெவ்-144ம் பக்கத்தில பக்கத்தில வெச்சிருக்கு. ரெண்டையும் ஒரே இடத்தில பாக்க உலகத்தில வேற இடம் இல்ல. டுபோலெவ்தான் முந்திப் பறந்தது, 1968 டிசம்பர் 31. கொன்கோர்ட்ட விட ரெண்டு மாதம் முந்தி. படத்தில பாத்தா ஒண்ட மற்றது கொப்பி அடிச்ச மாதிரி இருக்கும். கீழ நிண்டு அண்ணாந்து பாத்தா அந்தக் கதை நிக்காது. டுபோலெவ்ட செட்டை முன் விளிம்பு நேராப் போய், ஒரு இடத்தில முறிஞ்சு, மறுகா நேராப் போகும். கொன்கோர்ட்டில முறிவே கிடையாது, எங்கயும் நேர்க்கோடும் கிடையாது. டுபோலெவ்ல விமானி அறைக்குப் பின்னால சின்னதா ரெண்டு செட்டை வெளிய வரும், மெதுவாப் பறக்கக்குள்ள மூக்கத் தூக்கிப் புடிக்க. மீசை எண்டு சொல்லுவினம். மடக்கி வெச்சா வடிவு, விரிச்சா இல்ல.

உள்ளயும் ஏறலாம். கொன்கோர்ட் உள்ளுக்குச் சரியான ஒடுக்கம், ஒரு பக்கம் ரெண்டு இருக்கை, மற்றப் பக்கம் ரெண்டு. ஜன்னல் என்ட உள்ளங்கையளவுதான். அவ்வளவு காசு குடுத்து ஏறினவன் வெளியால எதையும் பெரிசாப் பாத்திருக்க ஏலா.

ஏறாவூர் ராத்தா

ஜன்னல் உள்ளங்கையளவா? அப்ப கல்லடிப்பாலம் தம்பிட பிளேனும் கரவனுக்கு மறுதலை. வெளியால நிக்கிறவனுக்கு மட்டும் வடிவு.

கல்லடிப்பாலம்

கேள்வியே வெளியால நிக்கிற ஆளப் பத்தினதுதானே ராத்தா. வாவிக்காற்று இப்பதான் சட்டம் சொன்னார்.

ஓய்வு மாஸ்டர்

சின்ஸ்ஹைமில் அந்த விமானங்கள் மட்டமாக நிற்கின்றனவா, மூக்கைத் தூக்கியா?

ஜெர்மன் மட்டு

தூக்கித்தான் மாஸ்டர், ரெண்டும் மேல ஏறுற மாதிரி சரிச்சு வெச்சிருக்கு. உள்ளுக்க நடக்க முழங்கால் நோகும்.

ஓய்வு மாஸ்டர்

அப்படியானால் டகோட்டாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கல்லடிப்பாலம்

மாஸ்டரும் கொன்கோர்ட் பக்கம் சாயிறார். வாவிக்காற்று, ஒரு வாக்கு கூட்டி எழுதுங்க.

ஓய்வு மாஸ்டர்

எழுத வேண்டாம் தம்பி. வீசி-10.